விசாரிக்க வருபவரிடம் எதைக் கேட்பது, எதை விடுவது?

(தையல் பயிற்சி முடித்த சகோதரிகளுக்கும் சிறுதொழில் செய்யும் இளைஞர்களுக்கும் நமது அறக்கட்டளைக் கூடத்தில் நடந்த வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

போன வருடம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்திய மாதம், நமது தையல் பிரிவுக்குச் சீருடை விசாரித்து நிறையப் பேர் போன் செய்தார்கள். எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதினோம். அதில் ஒரு வரி: "முகமது, சீருடை, திரும்பக் கூப்பிட வேண்டும்." எந்த முகமது, எத்தனை உருப்படி, எந்தத் தேதிக்குள் என்று எதுவும் எழுதவில்லை. பக்கத்தில் குறித்திருந்த எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தது. பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்து அவரே நேரில் வந்தார். ஒரு பள்ளிக்கு மொத்தமாகத் தைக்கக் கொடுப்பதற்காக விசாரித்திருக்கிறார். "நீங்க கூப்பிடவே இல்லையே, கோவில்பட்டியில கொடுத்துட்டேன்" என்றார்.

அந்த வேலை வந்திருந்தால் நம் சகோதரிகள் ஆறு பேர் வீட்டில் மிஷின் ஓடியிருக்கும். போன் எடுத்த பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. அந்த நோட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்தவன் நான். தேதிக்கு ஒரு கட்டம் போட்டிருந்தால் அவள் தேதியைக் கேட்டிருப்பாள். கட்டம் இல்லாத கேள்வியை யாரும் கேட்பதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

விசாரித்தவர், ஆனால் இன்னும் வாங்காதவர். இவரை வியாபார மென்பொருளில் 'லீடு' என்கிறார்கள். லீடுகளைப் பதிந்து பின்தொடர்வதற்கான மென்பொருளுக்கு சி.ஆர்.எம். என்று பெயர். இது ஏதோ அமெரிக்கச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ நிறுவனம் 2005ல் தன் சி.ஆர்.எம். மென்பொருளை வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் அலுவலகம் ஒன்று தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் இருக்கிறது. அதைத்தான் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. எதை எடுத்தாலும், முதலில் கட்டங்களை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நோட்டில் செய்த தவறை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால், தவறுதான் வேகமாக நடக்கும்.

முதல் கட்டம் பெயர். இத்தகைய மென்பொருள்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். ஜோஹோவில் கடைசிப் பெயர் இல்லாமல் லீடைச் சேமிக்கவே முடியாது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், நம் பெயர் பின்னால் வரும். ஒரு பிள்ளை முகமதுவை முதலில் போடுவாள், இன்னொரு பிள்ளை கடைசியில் போடுவாள். தேடும்போது ஆள் கிடைக்க மாட்டார். ஆகவே ஒரு விதி வையுங்கள்: முழுப் பெயரும் கடைசிப் பெயர்க் கட்டத்தில், இனிஷியல் முதல் பெயர்க் கட்டத்தில். எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும்.

இரண்டாவது போன் எண். பத்து இலக்கம் இருக்கிறதா என்று மென்பொருளே சரிபார்க்கும்படி அமைக்கலாம். ஆனால் வளைகுடாவிலிருந்து விசாரிப்பவருக்கு 971, 966 என்று நாட்டுக் குறியீடு வரும். அதற்கு இடம் விடுங்கள். எக்செல்லில் எழுதி ஏற்றுகிறவர்கள் அந்தப் பத்தியை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள். இல்லையென்றால் 04632 என்ற கோவில்பட்டிக் குறியீட்டின் முன் சுழியம் காணாமல் போகும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே எண்ணை இரண்டு முறை ஏற்காதபடி அமைக்கும் வசதி உண்டு. பல ஊர்களுக்கு அது நல்லது. நம் வீடுகளில் தாய்க்கும் மகளுக்கும் ஒரே போன். தாய் சீருடை விசாரிப்பார், மகள் பயிற்சி வகுப்பு விசாரிப்பாள். இரண்டாவது ஆளை மென்பொருள் தள்ளிவிடும். எனவே எண் திரும்ப வந்தால் எச்சரிக்க மட்டும் செய்தால் போதும், தடுக்க வேண்டாம். "இது யாருடைய போன், எந்த நேரம் கூப்பிடலாம்" என்று ஒரு கட்டமும் வையுங்கள். மகன் கையில் இருக்கும் போனுக்குப் பகலில் கூப்பிட்டுப் பயனில்லை.

மூன்றாவது ஊர். மாவட்டம் என்று ஒரு வெற்றுக் கட்டம் வைத்தால் நம் ஊர்க்காரர் என்ன எழுதுவார்? வயதானவர் திருநெல்வேலி என்பார். சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த நம் இளையரசனேந்தல் பிர்கா, வருவாய் நிர்வாகத்தில் கோவில்பட்டி வட்டத்துக்குப் போனது. ஆகவே தாலுகா ஆபீசுக்கு அலைந்தவர் தூத்துக்குடி என்பார். ஊராட்சி ஒன்றியம் குருவிகுளமாகவே இருந்ததால், 2019ல் தென்காசி மாவட்டம் பிறந்த பிறகு இன்னொருவர் தென்காசி என்பார். ஒரே தெருவில் மூன்று மாவட்டம்! தூத்துக்குடி மாவட்ட வாடிக்கையாளரை மட்டும் எடு என்று சொன்னால் பாதிப் பேர் விடுபடுவார்கள். ஆகவே இதை எழுதும் கட்டமாக வைக்காமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கட்டமாக வையுங்கள். மாவட்டத்தை விட ஊர்ப் பெயரும் பின்கோடும் டெலிவரிக்கு உதவும்.

பொருளுக்கும் இதே கதைதான். ஒருவர் சீருடை என்றும், ஒருவர் யூனிபார்ம் என்றும், ஒருவர் ஸ்கூல் டிரஸ் என்றும் எழுதினால் கணக்கில் மூன்று பொருளாக நிற்கும். அதற்கும் பட்டியல் போடுங்கள்.

அடுத்து, நான் நோட்டில் விட்ட கட்டங்கள்: எத்தனை உருப்படி, எந்தத் தேதிக்குள், அடுத்து யார் எப்போது கூப்பிட வேண்டும். தேதிக் கட்டம் தேதியை மட்டும் ஏற்கும்படி இருக்க வேண்டும். "அடுத்த வாரம்" என்று எழுதினால் எந்த அடுத்த வாரம் என்று பிறகு தெரியாது. தேதி சரியாக இருந்தால் அன்று காலை மென்பொருளே நினைவூட்டும். எப்படித் தெரிந்து வந்தார் என்பதையும் கேளுங்கள்: வாட்ஸ்அப், நோட்டீஸ், தெரிந்தவர் சொல்லி. நோட்டீஸுக்குச் செலவழித்த காசு திரும்பியதா என்பது அதில் தெரிந்துவிடும்.

எல்லாக் கட்டத்தையும் கட்டாயமாக்காதீர்கள். பெயர், எண், என்ன வேண்டும். இந்த மூன்று போதும். மிச்சத்தையும் கட்டாயமாக்கினால், அவசரத்தில் இருக்கும் பிள்ளை ஏதாவது ஒன்றைத் தட்டி அடுத்த பக்கம் போய்விடுவாள். காலிக் கட்டத்தை விடப் பொய்க் கட்டம் மோசம்.

லீடு வாடிக்கையாளராக மாறும்போது விவரங்கள் இன்னொரு பட்டியலுக்குப் போகும். நீங்களாகச் சேர்த்த கட்டம் அங்கே எந்தக் கட்டத்தில் போய் விழ வேண்டும் என்று முன்பே இணைத்து வைக்க வேண்டும். இணைக்காவிட்டால், பாடுபட்டுக் கேட்ட அளவும் தேதியும் அந்தப் பட்டியலுக்குப் போய்ச் சேராது. இரண்டு மூன்று பெயரைப் போட்டுப் பார்த்து, சரியாகப் போகிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

சகோதரர்களே, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தையல் பிரிவின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஒரு பிள்ளை நல்லெண்ணத்தோடு கேட்டாள்: "மருத்துவ உதவிக்கும் படிப்பு உதவிக்கும் மனு கொடுத்தவங்க நம்பர் எல்லாம் நம்மகிட்ட இருக்கே, அதையும் ஏத்தி எல்லாருக்கும் விளம்பரம் அனுப்பலாமா?" நான் கூடாது என்றேன். கணவனை இழந்த ஒரு பெண் தன் கஷ்டத்தைச் சொல்லி நம்மிடம் கொடுத்த எண் அது. உதவிக்காகக் கொடுத்ததை விற்பனைக்கு எடுப்பது அமானிதத்துக்குத் துரோகம். அந்தப் பட்டியல் வேறு, இந்தப் பட்டியல் வேறு. இரண்டும் ஒரே மென்பொருளில்கூட இருக்க வேண்டாம்.

நாட்டின் சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவர் எந்தக் காரியத்துக்குச் சம்மதம் தந்தாரோ அந்தக் காரியத்துக்குத் தேவையான விவரத்தை மட்டுமே கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்பதைத் தமிழிலும் பெற்றுக்கொள்ளும் வசதி அவருக்கு இருக்க வேண்டும். சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, தந்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சீருடை அளவோடு பிள்ளையின் பெயரையும் பள்ளியையும் எழுதுகிற நமக்கு இது நேரடியாகப் பொருந்தும். பேப்பர் நோட்டில் இருந்ததைப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் இந்தச் சட்டம் வரும்.

ஆகவே கடைசியாக ஒரு கட்டம்: "விலை விவரமும் புது வரவும் எனக்கு அனுப்பலாம்." இதில் டிக் முன்கூட்டியே போட்டிருக்கக் கூடாது. அவர் சொன்ன பிறகு போட வேண்டும், தேதியும் பதிய வேண்டும். வேண்டாம் என்றால் அன்றே எடுத்துவிட வேண்டும். வருமானம் என்ன, வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் சட்டை தைக்கத் தேவையில்லை. "இந்த விவரத்தை வைத்து நாளை நான் என்ன செய்வேன்?" என்று உங்களையே கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை அழித்துவிடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் தொழிலுக்கு வேண்டிய கட்டங்களை வரையுங்கள். பத்துக்கு மேல் போகவேண்டாம். கடைசியாக உங்களிடம் விசாரித்த ஐந்து பேரை அதில் நிரப்பிப் பாருங்கள். எது நிரம்பவில்லை, எது இடம் போதவில்லை என்று அதிலேயே தெரியும். அந்தத் தாளோடு அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அமைத்துத் தருகிறோம். இந்த வருடம் சீருடை கேட்டு வரும் எவரும், "நீங்க கூப்பிடவே இல்லையே" என்று நம்மிடம் சொல்லக் கூடாது.

அல்லாஹ் நம் உழைப்பிலும் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக! வஸ்ஸலாம்.