தங்கத் துளைகளில் புற்றின் தடயம்



1983. கனடாவின் மாண்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரோஸ் ஜான்ஸ்டன் செம்மறியாட்டு ரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இளம் சிவப்பணுக்கள் முதிரும்போது, இனி வேண்டாத புரதங்களைக் குட்டிப் பைகளில் கட்டி வெளியே தள்ளுவதை அவர் குழு கண்டது. அந்தப் பைகளுக்கு அவர் பின்னர் சூட்டிய பெயர் எக்சோசோம். செல்லின் குப்பைதானே என்று வெகுகாலம் அவற்றைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்தக் குப்பையில்தான் இன்று புற்றுநோயைத் தேடுகிறார்கள். புற்றுச் செல்லும் இப்பைகளை ரத்தத்தில் விடுகிறது. பையின் மேல் தாய்ச்செல்லின் புரதங்கள். உள்ளே அதன் ஆர்.என்.ஏ. துண்டுகள். ஊசி குத்திச் சதை எடுக்காமலே கட்டியைப் பற்றிய சேதி கிடைக்கக்கூடும் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆனால் பையின் குறுக்களவு 30 முதல் 150 நானோமீட்டர்தான். சாதாரண நுண்ணோக்கிக்கு அகப்படாது.

இங்கேதான் ஒளி கைகொடுக்கிறது. அதே 1983இல், சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில், மெல்லிய உலோகப் படலத்தில் புரதம் ஒட்டுவதை ஒளியைக் கொண்டே உணரலாம் என்று காட்டினார்கள். ஒளி பட்டதும் உலோகத்தின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் கூட்டாக அலைபாயும். அங்கே ஏதாவது வந்து ஒட்டினால் அந்த அலை மாறும். ஒளியிலும் மாற்றம் தெரியும்.

2014இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஹாக்கோ லீ, ரால்ஃப் வைஸ்லெடர் குழுவினர் இந்த இரண்டையும் சேர்த்தார்கள். தங்கப் படலத்தில் 200 நானோமீட்டர் அகலத் துளைகளை வரிசை வரிசையாக இட்டு, மேலே எதிர்ப்பொருள்களைப் பூசினார்கள். உரிய புரதத்தைச் சுமந்த எக்சோசோம் அதில் சிக்கியதும், துளைகளின் வழியே வரும் ஒளியின் அலைநீளம் சற்றே நீள்கிறது. சாயம் ஏற்றத் தேவையில்லை. ஒளியின் வீச்சும் படலத்துக்கு மேல் ஏறத்தாழ எக்சோசோமின் உயரத்தோடு நின்றுவிடுவதால், தொலைவில் மிதக்கும் மற்றவை குழப்புவதில்லை.

அவர்கள் எடுத்துக்கொண்டது சினைப்பைப் புற்றுநோய். பெரும்பாலும் முற்றிய பிறகே வெளிப்பட்டு, பெண்களின் உயிரைப் பறிக்கும் நோய். நோயாளிகள் 20 பேர், புற்றில்லாத கல்லீரல் நோயாளிகள் 10 பேர். எப்கேம், சிடி24 என்ற இரு புரதங்களை வைத்தே 97 விழுக்காடு சரியாகப் பிரித்தறிந்தார்கள்.

மகிழ்ச்சியான முடிவுதான். ஆனாலும் அளவோடுதான் கொண்டாட வேண்டும். முப்பதே பேர், அதிலும் சோதித்தது ரத்தத்தை அல்ல, வயிற்றில் கோத்த நீரை. அங்கே கட்டி பக்கத்திலேயே இருக்கிறது. ரத்தத்திலோ தட்டணுக்களும் மற்ற நலமான செல்களும் விட்ட எக்சோசோம்கள் கோடிக்கணக்கில் மிதக்க, தொடக்கநிலைக் கட்டியின் பங்கு மிகச் சொற்பம். எப்கேமோ நலமான செல்களிலும் காணப்படும் புரதம். அதனால்தான் ஒரே புரதத்தை நம்பாமல் பல புரதங்களை ஒரே சில்லில் சேர்த்துப் பார்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. அவை தேறும்வரை, கட்டி புற்றுதானா என்று உறுதிசெய்வது திசுப் பரிசோதனையே.