பிப்ரவரி 15: ஒரே தேதி, மூன்று நிகழ்வுகள்



பிப்ரவரி 15 என்றதும் சிங்கப்பூரின் வீழ்ச்சிதான் நினைவுக்கு வரும். அதே தேதியில் இந்தியர்களாகிய நாம் அறிய வேண்டிய வேறு இரண்டு நிகழ்வுகளும் உண்டு.

1915. சிங்கப்பூர் அலெக்சாண்ட்ரா முகாமில் இந்தியச் சிப்பாய்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். வட இந்திய முஸ்லிம்களான அவர்களிடையே, துருக்கிக்கு எதிராகப் போரிட அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் பரவியிருந்தது. அவர்கள் கையால் பொதுமக்களும் மாண்டனர். அதை மறைக்க வேண்டியதில்லை. பின்னர் 47 சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவுட்ரம் சிறைச் சுவருக்கு வெளியே, கூட்டம் வேடிக்கை பார்க்கத் தண்டனை நிறைவேறியது. மாண்ட பிரிட்டிஷாருக்கு விக்டோரியா மண்டபத்தில் நினைவுப் பலகை வைத்தார்கள்.

1942. புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்தார். மலாயாவும் சிங்கப்பூரும் முழுமையாக அவர்கள் வசமாயின. அடுத்து வந்த மாதங்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. காலராவிலும் பசியிலும் மடிந்த நம்மவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன.

1967. ஜப்பானியர் ஆட்சியில் மாண்ட பொதுமக்களுக்காக பீச் ரோட்டில் எழுப்பிய நினைவுச்சின்னத்தைப் பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தார். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என நான்கு இனத்தாருக்கும் நான்கு தூண்கள். தலைகளை எண்ணி உயரம் வைக்கவில்லை. நான்கும் ஒரே உயரம். நாம் கேட்கும் சம உரிமைக்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுமா?

ஆனால் தூண் மட்டும் போதாது. அதன் நிழலில் நிற்கும் பிள்ளைக்கு, யாருக்காக அது நிற்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் வெகு சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். எனவே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள்: தாத்தாவின் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு போனார், திரும்பி வந்தாரா? கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம் பெயர்களை நாமே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?