சேஷாசலக் காடும் அனைவரின் பொறுப்பும்

(உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டிச் சித்தூர், திருப்பதி பகுதித் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



இயற்கையைக் காப்பது அனைவரின் பொறுப்பு என்று ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று ஆட்சியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். அரசியல் சட்டமும் அதையே சொல்கிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம், காடுகளைப் பாதுகாப்பதை 48ஏ பிரிவில் அரசின் கடமையாகவும், 51ஏ பிரிவில் ஒவ்வொரு குடிமகனின் கடமையாகவும் வகுத்தது. இக்கூற்றைக் கம்யூனிஸ்டுகள் மறுப்பதில்லை. ஆனால், பொறுப்பு அனைவருக்கும் உண்டு என்பதாலேயே அது அனைவருக்கும் சம அளவில் உண்டு என்றாகிவிடாது. காடு அழிந்ததால் ஆதாயம் பெற்றவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்காமல் பொறுப்பைப் பங்கிட முடியாது. இந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. திருப்பதி நகரின் தலைக்கு மேலே நிற்கும் சேஷாசலக் காடே அதற்குச் சாட்சி.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியான சேஷாசலத்தில் 1989இல் 353 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 2010இல், அன்றைய சித்தூர், கடப்பை மாவட்டங்களில் பரந்து கிடந்த சுமார் 4,756 சதுர கிலோமீட்டர் நிலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்கும் பொன்னிறப் பல்லியும் இங்கு வாழ்கின்றன. தமிழ் இலக்கியம் பொன்முகலி என்று போற்றிய சுவர்ணமுகி ஆறு, இம்மலைகளிலிருந்து இறங்கும் நீரையும் சேர்த்துக்கொண்டுதான் காளத்தியை நோக்கிச் செல்கிறது.

இக்காட்டின் தனிச்செல்வம் செம்மரம். உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத இம்மரம், தென்கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட பாறை நிலத்தில் மிக மெதுவாக வளர்கிறது. அதன் வயிரம் நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது; அந்த வயிரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். வெட்டுவதற்கோ சில மணி நேரம் போதும். சீனாவின் செல்வந்தர் வீட்டு அறைகலன்களுக்கும் ஜப்பானின் ஷாமிசென் என்னும் நரம்பிசைக் கருவிக்கும் இதன் கட்டை தேவைப்படுகிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995இல் செம்மரம் சேர்க்கப்பட்டது. ஆயினும் கடத்தல் நிற்கவில்லை.

கடத்தல் என்பது நீண்டதொரு சங்கிலி. அதன் ஒரு முனையில் வெளிநாட்டு வாணிகர் இருக்கிறார். இடையில் முதலீடு செய்பவர், வாகனம் அனுப்புபவர், துறைமுகத்தில் பொய்ச் சரக்கின் பெயரால் கொள்கலன் ஏற்றுபவர், கண்டும் காணாதிருக்கும் அதிகாரி எனப் பலர் இருக்கின்றனர். மறுமுனையில் கோடரியுடன் நிற்பவர் ஜவ்வாது மலையிலிருந்தோ கல்வராயன் மலையிலிருந்தோ தரகரால் அழைத்துவரப்பட்ட பழங்குடிக் கூலி. மழை பொய்த்து, ஊரில் வேலையற்று, கடன் கழுத்தை நெரிக்கும் மாதங்களில் தரகர் அந்த ஊர்களுக்குள் நுழைகிறார். மரத்தின் விலை என்னவென்பது வெட்டுபவருக்குத் தெரியாது. துப்பாக்கியின் முன் நிற்பவர் மட்டும் அவரே.

2015 ஏப்ரல் 7 அதிகாலையில், சந்திரகிரி மண்டலத்துக் காட்டில் ஆந்திரச் சிறப்புக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் அவர்கள். கற்களாலும் கோடரிகளாலும் தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. அவர்களுடன் புறப்பட்டு உயிர் தப்பியவர்களோ, முந்தைய நாளே பேருந்திலிருந்து தோழர்கள் இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டதாகத் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சாட்சியம் அளித்தனர். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. மரம் வெட்டுதல் மரண தண்டனைக்குரிய குற்றம் என்று இந்நாட்டின் எந்தச் சட்டமும் கூறவில்லை.

இன்னொரு பக்கத்தையும் தோழர்கள் மறக்கலாகாது. 2013 டிசம்பரில் இதே மலையில் வனத்துறை ஊழியர் இருவர் கொல்லப்பட்டனர். அவர்களும் கடமையைச் செய்த உழைப்பாளிகளே. அவ்வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழகத் தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டனர். அவர்களில் பலர் இரண்டாண்டுக்கு மேல் சிறையில் கிடந்த பின்னர், 2016இல் திருப்பதி நீதிமன்றம் 287 பேரை விடுதலை செய்தது. குற்றமற்ற கூலிகள் வாழ்வை இழந்தனர்; உயிர்நீத்த ஊழியர்களின் குடும்பங்களுக்கும் நீதி எட்டவில்லை. ஊழியரையும் கூலியையும் ஒருவருக்கொருவர் எதிரிகளாக நிறுத்திய கடத்தல் மூலதனம் இரு தரப்பின் இழப்பாலும் சற்றும் நலியவில்லை.

காட்டை அழித்து உடனடி இலாபம் பார்ப்பதன் விளைவை எங்கெல்சு அன்றே சுட்டிக்காட்டினார். கியூபாவின் மலைச்சரிவுகளில் காட்டை எரித்து, அந்தச் சாம்பலில் காப்பி பயிரிட்ட ஸ்பானியத் தோட்ட முதலாளிகளை அவர் எடுத்துக்காட்டினார். ஒரு தலைமுறைக் காப்பிக்கு உரம் கிடைத்தது. பின்னர் பெய்த பெருமழையில் மண் கரைந்து பாறையே எஞ்சியது. இலாபம் ஒருவர் கைக்கும் வெறும் பாறை ஊரார் கைக்கும் செல்லும் கணக்கு சேஷாசலத்திலும் அதுவேதான்.

அப்படியானால் காட்டைக் காப்பவர் யார்? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கு விடை தருகிறது. தம் சமூகக் காட்டு வளத்தைக் காக்கவும் மீட்டுருவாக்கவும் காட்டில் வாழும் மக்களுக்கு உரிமை உண்டென்றும், அதற்கான அதிகாரம் கிராம சபைக்கு உண்டென்றும் அது கூறுகிறது. தமிழ்நாட்டிலோ, நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. தன் மலையில் உரிமை மறுக்கப்பட்டவரே அடுத்த மலையில் கூலிக்குக் கோடரி ஏந்துகிறார். மறுபுறம், 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள், கிராம சபையின் ஒப்புதலுக்கு முன்பே காட்டு நிலத்தைத் திட்டங்களுக்குத் தருவதற்கு மத்திய அரசு இசைவளிக்க வழி திறந்துவிட்டன. ஒரு மரத்துக்கு ஓர் உயிரைப் பறிக்கும் அரசு, ஒரு காட்டைக் கையொப்பத்தால் கொடுத்துவிடுகிறது.

ஆட்சியாளரின் பொறுப்பைச் சுட்டுவதோடு கட்சி அணிகளின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. வறுமையைக் காரணம் காட்டி மரவெட்டை நியாயப்படுத்துவது எளிது. ஆனால் வெட்டப்படும் செம்மரம் யானாதி மக்களின் காட்டிலிருந்தும் திருப்பதி உழைப்பாளியின் நீர்வளத்திலிருந்தும் பறிக்கப்படுவதாகும். ஆகவே ஜவ்வாது, கல்வராயன் மலையூர்களில் தரகரின் முன்பணத்தை ஏற்க வேண்டாமென்று சொல்லும் துணிவு தோழர்களுக்கு வேண்டும். அப்படிச் சொல்லும் தகுதி, அதே ஊரில் வேலை உறுதித் திட்டத்துக்கும் வனப் பட்டாவுக்கும் போராடுபவருக்கே கிட்டும். சொல்லும் போராட்டமும் ஒன்றையொன்று பிரிந்தால் இரண்டுமே பயனற்றுப் போகும்.

சித்தூர், திருப்பதித் தோழர்களுக்குத் தனிக்கடமை ஒன்றுண்டு. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராயிருந்த சித்தூரில் இரு மொழியும் ஒரே தெருவில் வாழ்கின்றன. ஆந்திரச் சிறையில் அடைபட்ட தமிழ்க் கூலிக்குத் தம்மீதான குற்றப்பத்திரிகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரிவதில்லை. அதைத் தமிழில் படித்துச் சொல்லவும், வழக்கறிஞரிடம் அவர் வாக்கைத் தெலுங்கில் எடுத்துரைக்கவும், ஊரிலுள்ள குடும்பத்துக்குச் செய்தி சேர்க்கவும் இப்பகுதித் தோழர்களால் முடியும். தமிழருக்கு எதிராகத் தெலுங்கரையும் தெலுங்கருக்கு எதிராகத் தமிழரையும் தூண்டிவிடும் குரல்களுக்கு இதைவிடத் தக்க மறுமொழி இல்லை.

2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டத்தின் ஒண்டிமிட்டா ஏரியில் சேலம் மாவட்ட மலைவாழ் மக்கள் ஐவரின் உடல்கள் மிதந்தன. அத்தகைய செய்தி இனியும் வராதிருக்க வேண்டுமானால், மலையூர்களில் கிராம சபைகள் கூட வேண்டும். பட்டாக் கோரிக்கைகள் எழுதப்பட வேண்டும். கடத்தலின் மேல்முனையில் இருப்போர் மீது வழக்குத் தொடுக்குமாறு இரு மாநிலங்களிலும் இயக்கம் எழ வேண்டும். செம்மரமும் அதை வெட்ட அனுப்பப்படும் மனிதரும் சேர்ந்தே காக்கப்பட வேண்டியவர்கள். ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைக் காக்க இயலாது, தோழர்களே.