இரவு ஒன்பது மணிப் பூட்டு

பினாங்குத் தாய்மார்களே, தோழர்களே!

பிள்ளைகள் நள்ளிரவு வரை கைப்பேசியில் மூழ்குவதை நாம் விரும்பவில்லை. ஆகவே ஒன்பது மணிக்கு வைஃபை பெட்டியையே அடைத்தோம். பாயான் லெப்பாசில் இரவு வேலைக்குப் போன தாய், சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை முகம் காண அழைத்தார். மணி அடிக்கவேயில்லை! நம் வீட்டில் நடந்ததுதான் இது.

பெட்டியை அடைத்தால் விளையாட்டோடு தாய் முகமும் போகும். (சிம் அட்டை வைத்திருப்பவனோ ஆடிக்கொண்டேயிருப்பான்!) பூட்டு கைப்பேசியிலேயே இருத்தல் வேண்டும். ஆப்பிள் கைப்பேசியில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பகுதியில் ஓய்வு நேரத்தைக் குறித்து, எப்போதும் அனுமதிக்கும் பட்டியலில் வாட்ஸ்அப்பைச் சேருங்கள். மற்றவை நிற்கும், அழைப்பு வரும். அரட்டையும் கூடவே வரும், அதை மறைக்கவில்லை. கடவுச்சொல் பெற்றோரிடமே இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளின் கைப்பேசியோடு வாருங்கள், சேர்ந்து அமைப்போம்.