வாயின் இரு தொழில்கள்
(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பக்கவாதத்தில் கை, கால் விழுந்துவிட்டால் அதனை அனைவரும் காண்கின்றனர். பயிற்சி அளிப்போரை உடனே தேடுகின்றனர். அதே தாக்குதலில் நாவும் தொண்டையும் தம் தொழிலை மறந்திருக்கக்கூடும் என்பது பல இல்லங்களில் காலங்கடந்தே உணரப்படுகிறது. உண்பது, பேசுவது என்னும் இரு தொழில்களையும், அவற்றோடு நினைவையும் கவனத்தையும் மீட்டுத் தருவதற்கென்றே ஒரு மருத்துவத் துறை உள்ளது. மருத்துவமனைகளில் அத்துறையினரை ஸ்பீச் தெரபிஸ்ட் என்று அழைக்கின்றனர். அவர்களுடைய பணியைக் கூறுவதற்கு, அன்பு மிகுதியால் இல்லத்தார் செய்துவிடும் இரண்டு தவறுகளிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

முதலாவது, ஒரு மடக்குத் தண்ணீர். படுத்திருப்பவரின் உதடு உலர்ந்திருப்பதைக் கண்டு பொறாத மகள், தலையைச் சற்றே தூக்கி ஒரு கரண்டி நீர் ஊற்றுகிறார். இதனினும் இயல்பான அன்புச் செயல் வேறில்லை. ஆயினும் அந்த நீர் எங்கே செல்கிறது என்பதை அறிய வேண்டும்.

தொண்டையில் மூச்சுக்கும் உணவுக்கும் பாதை ஒன்றே. விழுங்கும் கணத்தில் நாக்கு உணவைப் பின்னே தள்ளுகிறது, மென்னண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கிறது, குரல்வளை மேலேறுகிறது, குரல்நாண்கள் நெருங்கி மூச்சுக்குழலை மூடுகின்றன, மூச்சு நிற்கிறது, உணவுக்குழலின் வாய் திறக்கிறது. தொண்டையில் நிகழும் இவ்வளவும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். மூளை தாக்குண்டவருக்கு இந்த ஒழுங்கு பிந்துகிறது. நீரோ யாருக்காகவும் காத்திராது. மூடாத மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். எளியது என்று எண்ணப்படும் தண்ணீரே இவர்களுக்கு மிகக் கடினமானது. சற்றுக் கெட்டியான கூழ் மெதுவாக நகர்வதால் பலருக்கு அது பாதுகாப்பானது.

புரையேறினால் "யாரோ நினைக்கிறார்கள்" என்று உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். புரையேறி இருமுவது உண்மையில் உடலின் காவல். பக்கவாதத்தில் சிலருக்குத் தொண்டையின் உணர்ச்சியே மங்கிவிடுவதால் அந்த இருமல் வருவதில்லை. நீரும் உமிழ்நீரும் ஓசையின்றி நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்குகின்றன. பக்கவாதத்திலிருந்து தப்பியவர் சில நாள் கழித்துக் காய்ச்சலில் இறப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆகையால் விழுங்கும் திறனைச் சோதித்தறியும் வரை உணவு, நீர், மாத்திரை எதனையும் வாய்வழி தரலாகாது என்பது மருத்துவ விதி. உண்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தல், கன்னத்துள் உணவு தங்குதல், ஓர் இட்லி உண்ண அரைமணி நேரம் ஆதல் ஆகியவை வீட்டார் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்ப்பது ஒரு சோதனை. மூக்கின் வழியே மெல்லிய கருவியைச் செலுத்தித் தொண்டையை நேரில் காண்பது மற்றொன்று. 1988இல் அறிமுகமான இம்முறையைப் படுக்கையருகிலேயே செய்யலாம். அதன்பின் எந்தப் பதத்தில் உணவு தரலாம் என்று தெரபிஸ்ட் வகுக்கிறார். உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரித்த உலகப் பொது அளவு இப்போது வழக்கில் உள்ளது. நீர்மப் பொருளைக் குறித்த அளவுடைய 10 மில்லி ஊசிக்குழலில் நிரப்பி, 10 நொடி ஒழுகவிட்டு, எஞ்சுவதைக் கொண்டே அதன் நிலையைக் கண்டறியலாம். நீர் வேறு, பருக்கை வேறாக நிற்கும் ரசஞ்சோறு இவர்களுக்கு ஆகாது. ஒரே பதமாக மசித்த தயிர்ச்சோறு பெரும்பாலும் ஏற்றது. எனினும் ஒருவருக்கு ஏற்றது மற்றவருக்கு ஏற்காமல் போகலாம். அண்டை வீட்டாரின் அனுபவம் இங்கே உதவாது.

நோன்பு காக்கும் இல்லங்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. இரவுண்ணாமை காப்பவருக்கு, கதிரவன் மறைவதற்குள் சிறு சிறு வேளைகளாக உணவைப் பகிர்ந்தளிக்கும் அட்டவணையைத் தெரபிஸ்டிடமே கேட்டுப் பெறலாம். நீரைக் கெட்டியாக்கும் பொடிகளில் சில சோள மாவுச்சத்தாலும், சில உருளைக்கிழங்கு மாவுச்சத்தாலும், சில சாந்தன் பசையாலும் ஆனவை. கிழங்கு விலக்குவோர் உறையைப் படித்து வாங்குக. உண்ணாத நாளிலும் வாயைத் துலக்கிவிடுதல் இன்றியமையாதது. முதியோர் இல்லங்களில் வாயைத் தூய்மையாக வைத்தால் நிமோனியா குறைகிறது என்று ஜப்பானிய மருத்துவர்கள் 1999இல் வெளியிட்டனர்.

மூக்குக்குழாய் என்றாலே "இனி எழமாட்டார்" என்று குடும்பத்தார் அழுகின்றனர். இந்த அச்சம் தேவையற்றது. பலருக்குச் சில வாரங்களிலேயே விழுங்கும் திறன் திரும்புகிறது. குழாய் அதுவரைக்கும் ஆன பாலம்.

இரண்டாவது தவறு, அவர் பேசுவதற்குள் பிறர் பேசிவிடுவது.

பாரிஸ் நகரத்து மருத்துவமனையில் லெபோர்ஞ் என்னும் நோயாளி 21 ஆண்டுகள் இருந்தார். எதைக் கேட்டாலும் "தான்" என்னும் ஓரசையையே அவரால் சொல்ல முடிந்தது. ஆனால் பிறர் கூறுவதைப் புரிந்துகொண்டு கையசைவால் விடையிறுத்தார். 1861இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த பால் புரோக்கா, இடப்பக்க முன்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். 1874இல் கார்ல் வெர்னிக்கி மற்றொரு வகையை விளக்கினார்: சொற்கள் தடையின்றிப் பாயும், பொருள் இராது; பிறர் சொல்வதும் விளங்காது. இவற்றைச் சேர்த்து அஃபேசியா என்பர். சொல்லைத் தேடி எடுக்கும் வழி அடைபட்டதே இந்நோய்; அதனாலேயே ஒருவருடைய அறிவு போய்விட்டதாகக் கொள்ளலாகாது. அவர் எதிரிலேயே "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்று உறவினர் பேசுவது மிகக் கொடியது, கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாத முதியவர், நாள்தோறும் ஓதிய நமோகார மந்திரத்தைத் தங்குதடையின்றிச் சொல்வதுண்டு. ஒன்று, இரண்டு என எண்ணுவார், கிழமைகளை வரிசையாகக் கூறுவார், பாடுவார். இதனைக் கண்டு "வேண்டுமென்றே பேசாதிருக்கிறார்" என்று சினங்கொள்வோர் உளர். மனப்பாடமாய்ப் படிந்தவை புதிதாகச் சொல்லெடுப்பதினும் வேறான வழியில் வருவதால் அவை தப்பி நிற்கின்றன. இந்த வழியைப் பயன்படுத்தி, சொற்றொடரை இசையோடும் கைத்தட்டோடும் சொல்லவைத்துப் படிப்படியாக இசையை நீக்கும் பயிற்சியை 1973இல் அமெரிக்க அறிஞர்கள் வகுத்தனர். பெயர் வராதபோது, அப்பொருள் எங்கே இருக்கும், எதற்கு ஆகும், எந்நிறம் என்று வினவி அதன் சுற்றத்தின் வழியே சொல்லை அழைத்துவரும் பயிற்சியும் உண்டு. வீட்டார் செய்யத்தக்கது பொறுத்திருத்தல். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஆம், இல்லை என்று விடை வரத்தக்க சிறு வினா கேட்டு, பத்து நொடியாயினும் காத்திருக்க வேண்டும். வீட்டில் எந்த மொழி புழங்குகிறதோ, அதில் பயிற்சி தருமாறு கேட்பதும் உரிமையே.

மூளையின் வலப்பக்கம் தாக்குண்டால் பேச்சு பெரிதும் தங்கிவிடும். ஆனால் இடப்பக்க உலகமே சிலருக்கு மறைந்துபோகும். இலையின் வலப்பாதியை உண்டுவிட்டு, இடப்பாதியில் பொரியல் இருக்கவே "ஒன்றும் பரிமாறவில்லை" என்பார். கண் பழுதன்று, கவனம் அப்பக்கம் செல்லவில்லை. இலையின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றை வைத்து, அதனைத் தேடிக் கண்டபின் உண்ணுமாறு பழக்குவர். மறதி மிகுந்தவருக்கு ஒரே செய்தியை அரைநிமிடம், ஒரு நிமிடம், இரு நிமிடம் என இடைவெளியை நீட்டிக் கேட்டு நினைவில் பதிப்பர்.

பார்க்கின்சன் நோயால் குரல் தாழ்ந்தவருக்கும் இத்துறையில் வழியுண்டு. உரத்த குரலையே இலக்காகக் கொண்ட ஒரு பயிற்சி வாரம் நான்கு நாளாக நான்கு வாரம், மொத்தம் 16 அமர்வுகள் நடைபெறுகிறது.

இத்துறைக்கென மைசூரில் மத்திய அரசின் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965இல் தொடங்கப்பெற்றது. 1992ஆம் ஆண்டு மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று தெரபிஸ்டைக் கேட்டறிவதில் தவறில்லை. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: விழுங்கும் சோதனை செய்யப்பட்டதா? உணவும் நீரும் எந்தப் பதத்தில் தரவேண்டும்? பேச்சுப் பயிற்சி எந்நாளில் தொடங்கும்? விடைகளைத் தாளில் எழுதி வாங்கி, அடுக்களையில் சமைப்பவர் காணுமிடத்தில் ஒட்டிவைக்க வேண்டும்.