இது யாருடைய திண்ணை?

(கட்டடக் கலை மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பண்பாட்டைச் சொல்லும் பொதுக் கட்டடங்கள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பேசப் பெரிய பெரிய ஆர்க்கிடெக்டுகள் இருக்காங்க. நான் படிப்பை முடித்து மூன்று வருஷம்தான் ஆகிறது. கட்டினேன் என்று காட்ட என்னிடம் இருப்பது ஒரே ஒரு கட்டடம், ஒரு சின்னப் பேரூராட்சியின் நூலகம். அதிலும் பாதிதான் என்னுடையது. அந்தப் பாதி எப்படி என்னுடையதாச்சு, மீதி ஏன் ஆகலை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் வருஷம் கல்லூரியில், "அவரவர் வீட்டை அளந்து வரைந்து வாங்க" என்றார்கள். கூடப் படித்தவர்கள் முற்றம், தாழ்வாரம், பூஜை அறை என்று பெரிய தாளில் வரைந்து வந்தார்கள். எங்க வீடு காலனி வீடு. ஒரு அறை, ஒரு அடுப்பு மூலை. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வாத்தியார் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதி எங்கம்மா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வீடு என்றால் இன்னும் ஏதோ இருக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தார். அன்றைக்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்றைக்குக் கேட்டிருந்தால், மீதி எங்கே போச்சு என்று நான் அவரைக் கேட்டிருப்பேன்.

அப்புறம் ஐந்து வருஷம் 'மரபுக் கட்டடக் கலை' படித்தோம். கோயில், அரண்மனை, அக்கிரகாரம், செட்டிநாட்டு வீடு. மயமதம், மானசாரம் என்று நூல்களின் பெயர்களை மனப்பாடம் செய்தோம். அந்த மயமதத்தில் மண்ணுக்கே வருணம் இருக்கிறது: வெள்ளை மண் பார்ப்பனருக்கு, சிவப்பு சத்திரியருக்கு, மஞ்சள் வைசியருக்கு, கறுப்பு சூத்திரருக்கு. சண்டாளர் குடியிருப்பை ஊருக்கு வெளியே தள்ளி வைக்கச் சொல்வதும் அதே நூல்தான். விகிதாச்சாரத்தை, அழகை, நுணுக்கத்தையெல்லாம் விளக்கிச் சொன்ன வகுப்பு இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டது. சேரி தானாக முளைத்ததில்லை, தோழர்களே. யாரோ திசை பார்த்து, தூரம் பார்த்து ஒதுக்கியது. நம்ம நாட்டில் ரொம்ப காலமாக மாறாமல் இருக்கும் டவுன் பிளானிங் அதுதான். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989-ல் சுவர் எழுப்பினார்கள். அதில் ஒரு பகுதியை இடித்து வழி திறக்க 2008 ஆயிற்று. கொத்தனார் வைத்து, செங்கல் சிமெண்ட் வாங்கி, நூல் பிடித்துக் கட்டிய சுவர் அது. அதுவும் ஒரு பண்பாட்டைச் சொல்கிற கட்டடம்தான். எந்தப் பாடப் புத்தகத்திலும் அதன் படம் இல்லை.

சரி, பெருமையாகக் காட்டுகிற பொதுக் கட்டடங்களுக்கு வருவோம். சென்னை வள்ளுவர் கோட்டம், 1976-ல் கட்டியது. திருவாரூர்த் தேரைப் போல ஒரு கல் தேர். பிறப்பொக்கும் என்று சொன்னவனுக்குத் தேர் வடிவத்தில் நினைவகம். தேர் என்றால் தமிழ்ப் பண்பாடு என்று எல்லோருக்கும் சட்டென்று புரிகிறது. ஆனால் சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் நிஜத் தேரின் வடத்தைத் தொட உரிமை கேட்டு நம் மக்கள் தொண்ணூறுகளிலிருந்து போராடினார்கள். பல வருஷம் தேர் ஓடாமலே நின்றது. நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024-ல் போலீஸ் காவலோடு ஓடியது. வடம் பிடிக்க விடாத ஒரு பொருளைக் கல்லில் செய்து வைத்து, இது நம் எல்லோருக்கும் பொது என்றால், அந்த 'நம்'மில் யார் யார் இருக்கிறார்கள்?

கீழடியைப் பாருங்க. மண்ணுக்கடியில் செங்கல் கட்டுமானங்கள் கிடைத்தன, உறைகிணறுகள் கிடைத்தன, பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. பானை வனைந்தவர், பாவித்தவர் கைபட்ட பொருட்கள். 2023-ல் அங்கே திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டுப் பாணியில் இருக்கிறது. நேர்த்தியான வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் செட்டிநாட்டு மாளிகைகள் பெரும்பாலும் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் கடல் கடந்து வியாபாரம் செய்தவர்கள் கட்டியவை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு வாழ்விடத்துக்கு முகம் வேண்டுமென்றால் ஏன் நம் கை தானாக அந்த வீட்டு வாசலுக்கே போகிறது? பண்பாடு என்றதும் நமக்குக் கண்ணில் வருவது எப்போதும் சொத்து வைத்திருந்தவன் வீடுதான்.

இதைச் சொல்கிற தகுதி எனக்கு முதலில் இருந்ததா? இல்லை. நானும் அதைத்தான் செய்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் அந்த நூலக வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. "முகப்பைப் பார்த்தா தமிழ்ப் பண்பாடு தெரியணும்" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். ஒரு வாரம் ராப்பகலாக உட்கார்ந்து வரைந்தேன். மூன்றடி உயரப் பேஸ்மட்டம், அதன்மேல் நீளத் திண்ணை, மரத்தூண் வரிசை, நடுவில் முற்றம், தரைக்கு ஆத்தங்குடிக் கல், கூரைக்கு நாட்டு ஓடு. அலுவலகத்தில் எல்லோரும் தட்டிக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது படத்தைச் சுருட்டி எடுத்துப் போனேன், பெருமை அடித்துக்கொள்ளத்தான்.

எங்க ஆயா எழுபது வயசு வரைக்கும் கழனி வேலைக்குப் போனவங்க. எழுத்துத் தெரியாது, ஆனா படம் பார்த்தால் புரியும். விரலை வைத்துத் தடவிக்கொண்டே கேட்டாங்க:

"ஏ பாப்பா, இது ஆண்டை வூடு மாதிரி இருக்குதே?"

"இல்ல ஆயா, நூலகம். எல்லாருக்கும் பொது. இது திண்ணை, வர்றவங்க உக்காந்து படிக்கலாம்."

"நல்லாத்தான் இருக்குது. நான் எங்க நிக்கணும்?"

எனக்குப் புரியவில்லை. அப்புறம் ஆயாவே சொன்னாங்க. அறுப்பு முடிந்து கூலி வாங்கப் போனால், ஆண்டை திண்ணைமேல் இருப்பார், இவர்கள் கீழே நிற்பார்கள். நெல்லை மேலிருந்து முந்தானையில் கொட்டுவார்கள். தாகம் என்றால் குனிந்து கையேந்த வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். "அந்த உசரம் எதுக்குன்னு நெனச்ச? வெள்ளம் வராம இருக்கவா?" என்று சிரித்தாங்க.

திண்ணை என்றால் வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த விருந்தோம்பல் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். எந்த வழிப்போக்கருக்கு என்று நானும் கேட்டதில்லை. அந்தத் திண்ணையை வரைந்த கை, அதன்கீழே நின்றவளின் பேத்தியுடைய கை.

திரும்பி வந்து முதலில் சைட்டைப் போய்ப் பார்த்தேன். அதுவரை சர்வே படத்தில்தான் பார்த்திருந்தேன். ஒருபக்கம் ஊர், மறுபக்கம் காலனி, நடுவில் புறம்போக்கு. நான் வாசல் வைத்திருந்தது ஊர்த்தெரு பக்கம். அகலமான தெரு, எலிவேஷன் நல்லா தெரியும் என்று வைத்தேன். காலனிப் பிள்ளை ஒன்று புத்தகம் எடுக்க வேண்டுமென்றால் அந்தத் தெரு முழுக்க நடந்து வரணும். அப்படி நடந்து வர முடியுமா, முடியாதா என்பதை எந்த எலிவேஷனும் சொல்லாது. தூணையும் ஓட்டையும் பற்றி யோசித்த நேரத்தில் கால் வாசியாவது வாசலைப் பற்றி யோசித்திருக்க வேண்டும்.

மறுபடியும் வரைந்தேன். வாசலை பஸ் நிற்கிற மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பினேன். அங்கே இரண்டு பக்கத்தாரும் வருகிறார்கள், அது யாருடைய தெருவும் இல்லை. பேஸ்மட்டத்தை இறக்கி, படிக்கட்டை எடுத்துவிட்டுச் சரிவாக்கினேன். திண்ணைக்குப் பதில் சுற்றிலும் ஒரே உயரத்தில் நீளப் பெஞ்சு. தண்ணீர்க் குழாயைப் பின்கட்டிலிருந்து முன்வாசலுக்குக் கொண்டுவந்தேன். 1927-ல் மகாடில் பாபாசாகேப் ஒரு பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார், அதற்கு அடிதடி நடந்தது. தண்ணீர் எங்கே இருக்கிறது, யார் கைபடுகிறது என்பது பிளம்பிங் விஷயம் மட்டுமில்லை.

"எல்லாம் சரி, இதுல பண்பாடு எங்க?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் படிப்பகத்தைச் சொன்னேன்.

நம்ம சேரிகளில் அம்பேத்கர் படிப்பகம் பார்க்காதவர் யார்? ஒரே அறை, ஓலையோ ஷீட்டோ போட்டிருக்கும். ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னல், ஒரு பெஞ்சு, ஒரு பேப்பர், ஒருவர் சத்தமாகப் படிக்க நாலுபேர் கேட்பது. ராத்திரியில் அதே அறை பள்ளிக்கூடம். அயோத்திதாசர் 1898-ல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து நாம் கட்டியதெல்லாம் பெரும்பாலும் இப்படி ஒற்றை அறைகள்தான். எழுத்து மறுக்கப்பட்ட ஜனம் தன் காசில் தானே எழுப்பிக்கொண்ட கட்டட வகை. தமிழ்நாட்டில் நூலகத்துக்கு இதைவிட நெருக்கமான மரபு எது? அதனால் படிக்கும் அறையை ரோட்டோரம் கொண்டுவந்து பெரிய ஜன்னல் வைத்தேன். ராத்திரி விளக்கெரிந்தால் பஸ்ஸுக்கு நிற்பவருக்குத் தெரியணும், உள்ளே பிள்ளைகள் படிக்கிறது.

இப்படி யோசித்தவள் நான் முதல் ஆள் இல்லை. புர்கினா பாசோவின் பிரான்சிஸ் கேரே, பெர்லினில் மாணவராக இருந்தபோதே தன் காண்டோ கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் வரைந்தார். 2001-ல் ஊர் ஜனமே சேர்ந்து கட்டி முடித்தது. மண் கட்டடம் மழையில் கரையுமே என்று அவர்களே பயந்தார்கள். கொஞ்சம் சிமெண்ட் கலந்து கல் அறுத்து, தகரக் கூரையைச் சுவரிலிருந்து தூக்கி வைத்துக் காற்றோட வைத்தார். 2022-ல் பிரிட்ஸ்கர் விருது அவருக்கு வந்தது. ஆப்பிரிக்கர் ஒருவருக்கு அதுதான் முதல் தடவை. வாஷிங்டனில் 2016-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தின் வெளிச்சுவர் பின்னலுக்கு, அடிமைப்பட்ட கொல்லர்கள் சார்ல்ஸ்டனிலும் நியூ ஆர்லியன்ஸிலும் செய்த இரும்பு வேலைப்பாட்டை எடுத்தார்கள். பண்ணை முதலாளியின் மாளிகைத் தூண்களை எடுக்கவில்லை.

நம்ம நாக்பூர் தீட்சா பூமியே போதும். சாஞ்சி ஸ்தூபியின் வடிவம், 2001-ல் திறந்தது. ஆனால் சாஞ்சி உள்ளே திடமானது, சுற்றித்தான் வரலாம். நாக்பூரில் அதைக் குடைந்து மண்டபமாக்கி, ஆயிரக்கணக்கில் உள்ளே போய் உட்கார வழி செய்தார்கள். பழைய வடிவத்தை எடுத்தாலும் நம் ஆட்கள் எங்கே நிற்பார்கள் என்பதை மாற்றிவிட்டார்கள். அதேபோல, 1998-ல் தொடங்கிய சமத்துவபுரங்களில் நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு என்று கலந்து ஒதுக்கினார்கள். அதன் குறைகளைத் தனியாகப் பேசலாம். ஆனால் யார் வீட்டுப் பக்கத்தில் யார் வீடு என்பதும் வடிவமைப்புதான் என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள்.

கடைசியில் என்ன ஆச்சு? சரிவுப் பாதை நின்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 துணைக்கு வந்தது. நான் சொன்ன காரணத்துக்காக அல்ல, சட்டத்துக்காக ஒத்துக்கொண்டார்கள். குழாயும் ஜன்னலும் நின்றன. வாசலுக்கு நாலு மீட்டிங் சண்டை. "ஊர்க்காரங்க மனசு கஷ்டப்படும்" என்றார்கள். "எந்த ஊர்க்காரங்க?" என்று கேட்டேன். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. வாசல் ரோட்டுப் பக்கமே வந்தது. ஆனால் முகப்பில் என்னைக் கேட்காமலே கோபுரம் மாதிரி ஒரு சிமெண்ட் வளைவு ஏறிவிட்டது. பெஞ்சை 'பட்ஜெட் இல்லை' என்று வெட்டிவிட்டார்கள். அந்த வேலை முடிந்ததிலிருந்து எனக்குப் பொதுக் கட்டட வேலை எதுவும் கொடுப்பதில்லை, அபார்ட்மெண்ட் கழிவறைகளை வரைந்துகொண்டிருக்கிறேன். அதையும் ஒழுங்காகத்தான் வரைகிறேன். அந்தக் கழிவறையைக் கழுவப் போகிறவர் யாரென்று எனக்குத் தெரியும்.

திறந்தப்புறம் ஆயாவைக் கூட்டிப் போனேன். வளைவை அண்ணாந்து பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சரிவில் மெதுவாக ஏறி, குழாயைத் திறந்து, கையேந்திக் குடித்தாங்க. "இப்பவும் கையிலதான் குடிக்கிறேன், பாத்தியா" என்றாங்க. அடுத்த நாளே போய் ஒரு டம்ளர் வாங்கிச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு வந்தேன். அது எந்த வரைபடத்திலும் இல்லை.

படிக்கிற நண்பர்களே, நாளைக்கு உங்களையும் "பண்பாடு தெரியணும்" என்று சொல்லி உட்கார வைப்பார்கள். பென்சில் எடுப்பதற்கு முன்னால் சைட்டுக்குப் போய் எந்தப் பக்கம் ஊர், எந்தப் பக்கம் சேரி என்று பாருங்கள். தூண் வேண்டும், திண்ணை வேண்டும் என்றால் வையுங்கள், நான் தடுக்கவில்லை. வரைந்ததை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய் உங்கள் ஆயாவிடம் காட்டுங்கள். தான் எங்கே நிற்கணும் என்று அவங்க கேட்டால், பதில் உங்கள் பிளானில் இருக்க வேண்டும்.