செப்புத் தகட்டில் நின்ற திருமலை
(திருவிழாச் சொற்பொழிவு)



ஆற்றங்கரையில் ஆலயம் எழுப்புதல் தமிழர் மரபு. அவற்றின் பழைய தோற்றத்தைப் பிற்காலத்தார் எவ்வாறு அறிவது?

1792ஆம் ஆண்டில் தாமஸ் டேனியல், அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் ஆகிய ஆங்கிலேய ஓவியர் இருவர் தமிழகத்தில் பயணம் செய்தனர். காவிரியாற்றிலிருந்து திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையை வரைந்தனர். தாயகம் திரும்பி, செப்புத் தகட்டில் பிசின் பொடி தூவி, அமிலத்தால் அரித்து, ஒளியும் நிழலும் தோன்றப் பதித்தனர். தாளில் அச்சிட்டபின் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. 1795 முதல் 1808 வரை இவ்வாறு வெளியான இந்தியக் காட்சிகள் 144. தாயுமானவரும் உச்சிப் பிள்ளையாரும் எழுந்தருளியுள்ள அம்மலையின் அந்நாளைய கோலத்தை இன்றும் காண முடிகிறது. அது அயலார் செய்த தொண்டு.

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் வளர்ந்தது கோலாலம்பூர். இங்கு 1873இல் தோன்றிய ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் முதலில் அத்தாப்புக் கூரையுடன் விளங்கியது. 1887இல் செங்கல் கட்டடமாயிற்று. அதுவும் அகன்று, 1968இல் இன்றைய ஆலயம் எழுந்தது. திருப்பணி வளர்ச்சியின் அடையாளமே. எனினும், ஒவ்வொரு முறையும் முன்னோர் வியர்வை சிந்தி எழுப்பிய ஒரு வடிவம் மறைகிறது.

பாலாலயத்தின்போது மூலவரின் திருவுருவை அத்திப் பலகையில் எழுதி வழிபடுவதுண்டு. அவ்வாறே பழைய தூணையும் சுவரையும் விமானத்தையும் அளந்து, வரைந்து, நிழற்படம் எடுத்து, ஆலய ஏட்டில் சேர்த்த பின்னரே கடப்பாறை தொடவேண்டும். இதற்காகும் செலவு சிறிது. தவறினால் மீட்க வழியில்லை. நிர்வாகக் குழுவினர் இதனையும் திருப்பணியாகவே ஏற்பாராக! அன்னையின் அருள் துணைநிற்பதாக!